முதல் செம்புத் தண்ணீர்

ஊறிய உளுந்து மஞ்சளாக இருந்ததை நான் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. மைசூரு அக்ரஹாரத்தில், எங்கள் பழைய வாடகை வீட்டின் முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தெருவில் பாதி வீட்டு இட்லி என் கிரைண்டரில் இருந்துதான் போகிறது. அந்தத் திமிரில் நேராக மளிகைக் கடைக்குப் போய்க் கடைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம் மனிதர், அதே மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தன் கடையிலேயே ஊறவைத்துக் காட்டினார். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அப்படியானால் தண்ணீர்தான். மறுநாள் விடிந்ததும், யாரும் தொடுவதற்கு முன்னால், சமையலறைக் குழாயை ஒரு வெள்ளை மக்கில் திறந்தேன். பாலில்லாத டீ வந்தது.

என் கணவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஊரோரத்து ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. அந்தப் பக்கமே குடிபோக வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வீடே பேடா, வேண்டவே வேண்டாம். இந்தத் தண்ணில மாவு அரைச்சா யாரு வாங்குவாங்க? ஞாயித்துக்கிழமை போய் ஃபிளாட் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், வீடு முழுக்கக் குழாய் மாற்ற வேண்டியிருக்கும், நீங்கள் காலி செய்துகொடுத்தால் வசதி என்கிறார்.

ஹெப்பாளில் என்னை யாருக்குத் தெரியும்? மாவு வியாபாரம் தெருவோடு ஒட்டியது. தெருவை விட்டால் வியாபாரமும் போய்விடும். "ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க. எங்கேர்ந்து வருதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "இன்று மாவு இல்லை" என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். அன்று புதன்கிழமை.

காலி ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி எடுத்தேன். வியாழன் காலை, தெருவிலிருந்து தண்ணீர் வந்து விழும் மீட்டர் குழாயில் ஒன்று பிடித்தேன்: தெளிவு. மாடித் தொட்டியில் ஒன்று: தெளிவு. குளியலறை: தெளிவு. சமையலறை மட்டும் டீ! மாடிப்படியில் பாட்டிலும் கையுமாக ஓடிய ஓட்டத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். வலித்ததாகவே ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை சமையலறைக் குழாயிலேயே தொடர்ச்சியாக நான்கு பாட்டில் பிடித்தேன். முதலாவது டீ, இரண்டாவது வெளிறிய மஞ்சள், மூன்றாவதும் நான்காவதும் பளிங்கு. ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர்தான் துருவேறி வருகிறது. அப்புறம் வருவது நல்ல தண்ணீர்.

சுவர்மேல் ஓடும் குழாய்களெல்லாம் ஒரே பெயின்ட் பூசி ஒரே மாதிரி இருந்தன. எது இரும்பு, எது பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தசரா யானைக் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். குளியலறைக் குழாயில் யானை நிற்காமல் விழுந்தது. கொல்லைக் குழாயிலும் விழுந்தது. சமையலறைக்கு இறங்கும் குழாயில் மட்டும் கப்பென்று ஒட்டிக்கொண்டது. நான் கைதட்டிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆனாலும் ஒரு கணக்கு உதைத்தது. நான் உளுந்து ஊறவைப்பது காலை பத்து மணிக்கு. அதற்குள் சமையலறையில் எத்தனையோ தண்ணீர் ஓடியிருக்கும். பத்து மணித் தண்ணீரையும் பிடித்துப் பார்த்தேன், தெளிவாகவே இருந்தது. பிறகு உளுந்து எப்படி மஞ்சளாகும்?

சனிக்கிழமை பத்து மணிக்குச் சோதனைக்காகக் கொஞ்சம் உளுந்தை ஊறப்போட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தால், என் மாமியார் பித்தளைச் செம்பைச் சாய்த்து உளுந்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொள்ளேகாலத்திலிருந்து சமீபத்தில்தான் எங்களோடு இருக்க வந்தவர். விடிந்ததும் குளித்துவிட்டு, சமையலறைக் குழாயில் யாரும் தொடாத முதல் தண்ணீரை அந்தச் செம்பில் பிடித்துச் சாமிக்கு வைப்பார். பித்தளைக்குள் தண்ணீரின் நிறம் யாருக்குத் தெரியும்?

"என்னுங்கத்தை பண்றீங்க?"

"தெருமொனையில பாக்கெட்டு மாவு வந்திருச்சல்ல கண்ணு. உன்ற யாவாரம் கொறையக் கூடாதுன்னுதான், சாமிக்கு வெச்ச தண்ணியப் போன வாரத்துலிருந்து இதுல ஊத்தறேன்."

எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று வீட்டில் பெயர். அன்று வந்ததோ சந்தோஷக் கூச்சல். "கண்டுபிடிச்சிட்டேன் அத்தை!" என்று அவர் கையைப் பிடித்துக் குதித்தேன். செம்பில் மிச்சமிருந்ததைப் பாட்டிலில் ஊற்றிக் காட்டினேன். அதே டீ.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ, நானா கண்ணு உன்ற மாவக் கெடுத்தேன்?"

அப்போதுதான் என் கூச்சல் எனக்கே உறைத்தது. "நீங்க இல்லைங்கத்தை, குழாய். முன்னாடியெல்லாம் அந்த மொதல் தண்ணில நான் பாத்திரம் கழுவிக் கொட்டிடுவேன், நெறத்த யாரு பாத்தா?" என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஞாயிறு காலை, ஃபிளாட் பார்க்கச் சட்டையை இஸ்திரி போட்டு நின்ற கணவர் முன்னால் நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்தேன். தரம் பார்க்கிறவர் ஆயிற்றே, சொன்னதை நம்புவாரா? யானையை வாங்கிக்கொண்டு தானே எல்லாக் குழாய்களிலும் வைத்துப் பார்த்தார். கடைசியில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஒந்தே பைப் சார், அஷ்டே" என்றார். ஒரே குழாய், அவ்வளவுதான்!

திங்களன்று பிளம்பர் அதைக் கழற்றினார். உள்ளே பென்சில் நுழையாத அளவுக்குத் துரு அடைத்திருந்தது. மதியத்துக்குள் புதுக் குழாய் போட்டாகிவிட்டது.

செவ்வாய் விடியற்காலை மாமியார் முதல் தண்ணீரை என் வெள்ளை மக்கில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் செம்பை நிரப்பினார். வாசல் அட்டையை எடுத்துவிட்டேன். பத்து மணிக்கு உளுந்தை ஊறவைத்து மூடினேன். அவர் செம்போடு சமையலறை வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்றார்.

நான் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டேன். "ஊத்துங்கத்தை" என்றேன்.