அடி துடைக்காத ஜாடி

1956-இல் பாகலூர் மண்பாண்டப் பயிற்சிக்கூடத்தில் தெரசம்மாள் சேர்ந்தபோது அவளுடைய இடது கை விரல் ஒன்று வளைந்தே இருந்தது. புருஷன் சூசைமாணிக்கம் உலக்கையால் அடித்து முறித்தது. அந்த விரலோடு, சுற்றும் சக்கரத்தில் மண்ணை நடுவே நிறுத்தப் பழக அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. முதல் ஜாடி முழுசாக வெந்து வந்தால் பயிற்சிக்கூட விடுதியில் இடம் உண்டு. இல்லாவிட்டால் அவனிடமே திரும்ப வேண்டும்.

ஆறிய சூளையைத் திறந்த காலை அவனே வந்து நின்றான்.

"ஏன்டி, வூட்ட வுட்டு ஓடியாந்து பானை வனையறியா? எதுடி உன்னுது?"

அவள் கண் போன இடத்தை அவன் பார்த்துவிட்டான். அவள் தலையிலேயே போட்டு உடைக்க, பச்சையாய் மினுங்கிய ஜாடியைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. அடியில் தங்கிய கண்ணாடிப் பூச்சு உருகி, ஜாடி நின்ற கல்பலகையோடு ஒட்டியிருந்தது. ஆத்திரத்தில் அவளை எட்டி உதைத்துவிட்டு, ஜாடியின் கழுத்தை இரண்டு கையாலும் முறுக்கினான். அது படாரென்று ஒடிந்து அவன் உள்ளங்கையை எலும்புவரை கிழித்தது. அலறியவனைச் சூளை வேலைக்காரர்கள் அடித்து வெளியே தள்ளினார்கள்.

தெரசம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் ரத்தம் அவளுக்கு ஆறுதலாக இல்லை. விடுதி இடம் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

வனையக் கற்றுத்தரும் மாஸ்டர் குனிந்து, உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"பூச்சு போட்டதும் அடியைத் துடைச்சியாம்மா?"

"மறந்துட்டேன், சார்."

"ஜாடிச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமா வந்திருக்கு," என்றார் அவர். "அடுத்த ஜாடிக்குத் துடை."