பை பிடிக்க ஓர் ஆள்

அமெரிக்காவில் எல்லாமே பெரிது. என் அக்கா ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து இதை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் கார் சின்னது, குளிர்சாதனப்பெட்டி சின்னது, பால் பெட்டிகூடச் சின்னது. "உதென்னடி, பொம்மை வீட்டுக்கு வாங்கின மாதிரி?" என்று கேட்டாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "உங்கடை பால் கானைத் தூக்க ரெண்டு பேர் வேணும் அக்கா, இதுக்கு நான் ஒருத்தி காணும்" என்றேன். ஆகவே தெற்கே ஒரு தீம் பார்க்குக்குப் போய் இரண்டு நாள் நின்று வரலாம் என்று என் மகள் சொன்னபோது, அந்தப் பார்க்குக்கு என்ன மார்க் விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் எனக்கு வாய்த்தது ஜெர்மனி, அக்காவுக்கு வாய்த்தது அமெரிக்க மாப்பிள்ளை. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே நரைத்தேன். அவள் அங்கே இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கினாள். கலியாணவீடு, செத்தவீடு என்றால்தான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. இந்த முறை அவள் வந்தது அத்தான் செத்து ஒரு வருடம் திரும்புவதற்குள்.

அத்தானின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. பித்தப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். எல்லாவற்றையும் கைபேசியில்தான் பார்த்தேன். வெள்ளைப் பூக்கள், மெல்லிய இசை, வரிசையாகக் கதிரைகள். ஒவ்வொருவராக எழும்பி அத்தானைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார்கள். மண்டபக்காரர் கொடுத்த நேரத்துக்குள் எல்லாம் அழகாக முடிந்தது. அக்கா முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "அம்மா நல்ல ஸ்ட்ரோங், சித்தி" என்று அவளுடைய மூத்தவன் பிறகு எனக்குப் பெருமையாகச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரோங்காம்! அந்தச் சொல் தேத்தண்ணிக்குத்தான் பொருந்தும்.

எங்கள் ஆட்களில் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போன ஒருவர் எத்தனை மாதம் கழித்து வந்தாலும், கண்ட இடத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குளறி அழுவோம். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி, கதை எல்லாம். எனக்கும் அக்காவுக்கும் அந்த அழுகை பாக்கி இருந்தது. விமான நிலையத்தில் அவளைக் கண்டதும் நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன். அவள் என் கன்னத்தில் ஒரு கொஞ்சல் போட்டுவிட்டு, "காரைக் கனதூரத்திலையோ விட்டிருக்கிறியள்?" என்று கேட்டாள். விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சூட்கேசைத் தூக்கினேன்.

வீட்டிலும் முயன்று பார்த்தேன். சோபாவில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து நானே அழத் தொடங்கினேன். அவள் என் முதுகைத் தடவி, "சும்மா இரடி, மேல்வீட்டுச் சனம் என்ன நினைக்கும்" என்றுவிட்டுக் கோப்பை கழுவப் போய்விட்டாள். விடிய எழும்பிப் பார்த்தால் அவளுடைய கட்டில் விரிப்புக் கலையாமல் கிடக்கும். சோற்றைக் கோழி கிளறுவதுபோலக் கிளறிவிட்டு எழும்புவாள். அழாமல் இறுகிப்போன மனிசரை என் வேலையில் நிறையக் கண்டிருக்கிறேன். சாப்பாடு குறையும், பேச்சுக் குறையும், பிறகு ஒருநாள் கட்டிலை விட்டு எழும்பமாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் திரும்பிப் போவதற்கு முன் ஒருதரமாவது அழவைத்து அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணமெல்லாம். பார்க் மகளின் எண்ணம். "பெரியம்மாவுக்கு வெளிக்காத்து வேணும் அம்மா. நான் வேலையிலை ஊர்லாப், ரெண்டு நாள் லீவு எடுத்திட்டன், நீங்களும் எடுங்கோ" என்று காரைத் துடைத்து நிறுத்திவிட்டாள்.

எங்களுக்குத் தீம் பார்க் புதிதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கலியாணவீட்டுக்கு நான் அமெரிக்கா போனபோது அக்காவும் அத்தானும் என்னைப் புளோரிடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐயோ, அது ஒரு ஊர்! உள்ளுக்குள் பஸ் ஓடும், படகு ஓடும். அத்தான் ஒவ்வொரு நாளும் கோழி கூவ முன் எழும்பி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எந்த விளையாட்டுக்கு எப்போது போவது என்று கைபேசியில் இடம் பிடிப்பார். "அத்தான், இது விடுமுறையோ சோதினையோ?" என்று கேட்டேன். "பேசாமல் வா பிள்ளை, பிந்தினால் எல்லாம் போச்சு" என்றார். சிரித்த முகத்தோடு ஆயிரம் பேர் எங்களுக்கு நல்ல நாள் வாழ்த்தினார்கள். வெயில் தலையைப் பிளந்தது. அத்தான் தன் தோள் அளவு இருந்த ஒரு வான்கோழிக் காலை வாங்கி, அதைச் சாப்பிட முடியாமல் பின்னேரம் வரைக்கும் கையில் கொண்டு திரிந்தார்.

இருதயத்துக்குக் குளிசை போடுகிறவர் என்பதால் அத்தானை டாக்குத்தர் எதிலும் ஏறவிடவில்லை. அவருடைய வேலை பை பிடிப்பது. எங்கள் கைப்பைகள், தொப்பிகள், தண்ணீர்ப் போத்தல்கள், அந்த வான்கோழிக் கால், எல்லாவற்றையும் மடியில் குவித்துக்கொண்டு ஒரு வாங்குப் பலகையில் இருப்பார். சங்கிலியில் கதிரைகள் தொங்கும் ராட்டினம் ஒன்று அங்கே இருந்தது. அக்காவுக்கு அதுதான் விருப்பம். ஒவ்வொரு சுற்றுக்கும் அத்தான் கீழேயிருந்து கையாட்ட வேண்டும். ஒரு சுற்றுத் தவறினாலும் அக்கா இறங்கி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். "ரெண்டாஞ் சுத்திலை ஏன் கையாட்டேல்லை?" அத்தான் என்னைப் பார்ப்பார். "தொப்பி காத்திலை போகப் பாத்தது, அதைப் பிடிச்சனான். உம்மடை அக்காவோடை முப்பது வருசம் நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்." அக்கா உடனே இன்னொருதரம் ஏறுவாள். அவர் இன்னொருதரம் கையாட்டுவார்.

இங்கே ஜெர்மனியில் நாங்கள் பார்க்குக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஒரு மனிசி தன் வீட்டு மாடியில் நடத்தும் தங்குவிடுதியில் தங்கினோம். காலைச் சாப்பாட்டுக்கு அவித்த முட்டைக்குக் கம்பளியில் பின்னிய தொப்பி போட்டு வைத்திருந்தாள். அக்கா அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டாள். "இஞ்சை முட்டைக்கும் குளிருதோ?" என்று கேட்டாள். அமெரிக்க ஹோட்டலில் காகிதத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். "ஓம், ஓம். முட்டைக்கு உங்களுக்கு ஒரு மார்க்" என்று ஒத்துக்கொண்டாள்.

பார்க் வாசலிலேயே தொடங்கிவிட்டாள். "அங்கையெண்டால் கார் விடுற இடமே இவ்வளவு வரும்." "அங்கையெண்டால் ஆரும் ஒருத்தர் சிரிச்சு வணக்கம் சொல்லுவினம், இதுகள் என்ன டிக்கெட்டைப் பறிக்கிற மாதிரி வாங்குதுகள்?" நான் விடவில்லை. "சிரிக்கச் சம்பளம் குடுத்தால் இவையும் சிரிப்பினம் அக்கா." மகள் எங்களுக்கு நடுவில் நடந்து சலித்துப்போனாள். மத்தியானம் மரநிழலில் வாங்கு பிடித்து நான் கொண்டுபோன மீன் கட்லட்டையும் றோல்ஸையும் திறந்தேன். சுற்றிவர இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் டப்பாக்களைத் திறந்து வீட்டு ரொட்டியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைக் கனநேரம் பார்த்தாள். "எங்கடை சனம் கோயில் திருவிழாவுக்கு வாற மாதிரி வந்திருக்குதுகள்" என்றாள். அரைக் கட்லட்டோடு நிறுத்திவிட்டாள். மேலே அண்ணாந்து, "மரம் மட்டும் இஞ்சை பெரிசு" என்றாள். அதற்கும் நான் ஒரு மார்க் போட்டுக்கொண்டேன்.

மகளுக்குப் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற ஆசை. அவள் அந்த நீண்ட வரிசைக்குப் போக, நாங்கள் இரண்டு பேரும் மெல்ல நடந்தோம். ஒரு வளைவில் திரும்பினால் சங்கிலி ராட்டினம். புளோரிடாவில் பார்த்ததை விடச் சின்னது, பழையது, கூரை விளிம்பில் பூவும் அன்னமும் வரைந்திருந்தது. அக்கா நின்றுவிட்டாள். வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போகலாமென்று கையைப் பிடித்தேன்.

"ஏறுவமோடி?" என்றாள்.

வரிசை சின்னது. ஏறுகிற வாசல் படலையடியில் எங்கள் வயதிருக்கும் ஒரு ஜெர்மன்காரி, சிரிப்பில்லாத முகம், ஒவ்வொருவரிடமும் பைகளை அந்தப் பக்கத்து மரத்தட்டில் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூட்டில்லாத வெறும் தட்டு. நான் என் பையைக் கொண்டுபோய் வைத்தேன். திரும்பிப் பார்த்தேன்.

அக்கா ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தபடி, தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே இடக்கைப் பக்கமாக நீட்டினாள். "இந்தாங்கோ, பிடியுங்கோ" என்றாள். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. ஒருவரும் வாங்காததால் பையை ஒருதரம் உலுக்கினாள். "பிடியுங்கோவன்."

பிறகுதான் திரும்பினாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. நான் ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு போனது. அப்படியே அந்த மரத்தட்டுக்குக் கீழே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஐயோ! இனி ஆரடி எனக்குப் பை பிடிக்கிறது? ஆரடி பிடிக்கிறது?"

நான் அவளுக்குப் பக்கத்தில் விழுந்து கட்டிப்பிடித்தேன். அவள் என் கழுத்தில் முகத்தை வைத்துக் குளறினாள். எங்கள் ஊரில் எப்படி அழுவோமோ அப்படி, வயிற்றிலிருந்து, இழுத்து இழுத்து, சொல்லிச் சொல்லி. குளிசை குடிக்க மறந்துபோய்விடுவாரே என்று அழுதாள். அந்த வான்கோழிக் காலைச் சொல்லி அழுதாள். "என்ரை ராசா, நான் சுத்தி வரேக்கை ஆரைப் பாக்கிறது?" என்று அழுதாள். நானும் வாய்விட்டு அழுதேன். அத்தானுக்காக அழுதேன், போனில் பார்த்த அந்தச் செத்தவீட்டுக்காக அழுதேன், அவள் அழுகிறாளே என்ற ஆறுதலிலும் அழுதேன். மேலே ராட்டினம் பாட்டோடு சுற்றிக்கொண்டிருந்தது. நீல வானத்தின் கீழ் இரண்டு கிழவிகள் நிலத்தில் இருந்து குளறுவதைப் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை.

அந்த ஜெர்மன்காரி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பொதி கைக்குட்டைத் தாளை என் கையில் வைத்தாள். எங்கள் இரண்டு பக்கமும் வரிசைக் கயிற்றை மாற்றிக் கட்டி, ஆட்கள் எங்களை விலத்திப் போகும்படி செய்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

அழுகை தணிந்து மூக்கைச் சிந்தியபிறகு அக்கா அவளைப் பார்த்தாள். "இந்தச் சனம் என்ன நடந்ததெண்டு ஒண்டும் கேக்காதுகளோ?"

"கேக்காதுகள் அக்கா."

"அங்கையெண்டால் இப்ப நாலு பேர் வந்து நிண்டு ஆர் யூ ஓகே எண்டு கேட்டிருப்பினம். நானும் ஓகே எண்டு சொல்லியிருப்பன்." சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். "இது நல்லது. இதுக்கும் போடு ஒரு மார்க்."

அவளைத் தூக்கி நிறுத்தினேன். விடுதிக்குப் போவோமோ என்று கேட்டேன். அவள் நிலத்தில் கிடந்த தன் கைப்பையை எடுத்து என் கையில் திணித்து, என் பையையும் தட்டிலிருந்து எடுத்து அதற்கு மேல் வைத்தாள். "நீ ஏறவேண்டாம். அந்த வாங்கிலை போய் இரு" என்றாள்.

போய் இருந்தேன். மடியில் இரண்டு பை, கட்லட் டப்பா, மகளின் குளிர்ச்சட்டை. அக்கா உள்பக்கக் கதிரை ஒன்றில் ஏறி, கம்பியைப் பூட்டி, சங்கிலியை இறுக்கிப் பிடித்தாள். ராட்டினம் எழும்பியது. முதல் சுற்றில் அவள் முகம் வீங்கிப்போய், கண் சிவந்து, என்னைத் தேடிக்கொண்டு வந்தது. கையாட்டினேன். அவளும் ஒரு கையை விட்டு ஆட்டினாள். அடுத்த சுற்றில் எனக்குக் கண் மறைத்தது. அத்தான் இருந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தாளைத் தேடித் துடைத்து நிமிர்ந்தபோது அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு சுற்றும் விடவில்லை. ராட்டினம் நிற்கும் வரை ஆட்டினேன், கை உளைந்தது.

அக்கா இறங்கி வந்தாள். தலைமயிர் எல்லாம் கலைந்து கிடந்தது. வாங்கடியில் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டாஞ் சுத்திலை ஏன் கையாட்டேல்லை?"

அவள் என் மடியிலிருந்து கட்லட் டப்பாவை எடுத்துத் திறந்து, ஒரு முழுக் கட்லட்டை வாயில் போட்டுக்கொண்டு, திரும்பவும் வரிசைக்கு நடந்தாள்.

"இந்தமுறை ஒழுங்காய்ப் பார்" என்றாள்.