நூல் கட்டிய பூ

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம், ஒத்துக்கொள்கிறேன். உப்பு ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைக்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. பறிக்கூடை நிறைய இறால் வைத்திருக்கிறவளிடம் எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். வடக்கே கை காட்டுவாள். மறுநாள் அவளே தெற்கே இடுப்பளவு தண்ணீரில் நிற்பாள். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. நானும் அப்படிக் கை காட்டியவள்தான்.

இந்தப் புத்தியைப் பூ விஷயத்திலும் காட்டித் தொலைத்தேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அடுத்த வீட்டில் இருக்கிறாள். எங்கள் மண்ணில் உப்புப் பூத்துக் கிடக்கும், ஒரு செடியும் வராது. அவள் காட்டூரிலிருந்து மூட்டையில் மண் கொண்டுவந்து, உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகளில் கொட்டித் துலுக்கச் சாமந்தி வளர்த்தாள். லாரித் தண்ணீரில் அதற்கும் ஒரு சொம்பு உண்டு. பூ ஒவ்வொன்றும் கைக்கு அடங்காது. செங்கல் சிவப்பில் அப்படி ஒரு நிறம், எங்கள் பக்கம் வேறு யாரிடமும் கிடையாது. வெள்ளிக்கிழமை அவர்கள் படகு முனையில் அந்த மாலை தொங்கும். பக்கத்தில் எங்கள் படகு மொட்டையாக நிற்கும். எனக்கு வயிறு எரியும்.

"எனக்கும் கொஞ்சம் வெத குடேன்க்கா" என்று கேட்டேன்.

இருந்ததிலேயே பெரிய பூவின் கழுத்தில் நீல வலைநூல் ஒன்றைக் கட்டினாள். "இத்த உனக்குன்னு வுட்டுக்கீறேன். பூவு சருகாவணும், காம்பு பழுப்பாவணும். அது வரிக்கும் கைய வெக்காத. பச்சையா அறுத்தா மொளைக்காது."

கொடுக்கிறவள் கையோடு கொடுக்க வேண்டியதுதானே, எதற்குக் காத்திருக்கச் சொல்கிறாள்? காய்ந்ததும் தானே எடுத்துக்கொண்டு, காற்றில் போய்விட்டது என்று கை விரிப்பாள் என்று கணக்குப் போட்டேன். தினமும் விடிந்ததும் ஓலைத் தட்டி இடுக்கில் அந்த நூலைப் பார்த்தால்தான் எனக்குக் காபி இறங்கும். ஒரு நாள் அவள் குனிந்து அந்தப் பூவின் கழுத்தை அமுக்கிப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அது போதும்.

தாலுகா ஆபீசு வேலையாக அவள் பொன்னேரி போன அன்று அறுத்துவிட்டேன். காம்பு பச்சையாகத்தான் இருந்தது. பிய்த்தால் விதை கறுப்பாக இல்லாமல் வெள்ளையும் பச்சையுமாக, நகம் பட்டால் நசுங்கியது. கருவாடே காய்கிறது, இது காயாதா என்று கருவாட்டுப் பாயில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். பிறகு பெட்டியில் தூவித் தண்ணீர் தெளித்தேன். ஒன்று கூட முளைக்கவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் கொல்லை வரை ஏறி, அவள் செடிகளெல்லாம் உப்பில் கருகிவிட்டன. அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தண்ணீர் லாரியருகே நாலு பெண்கள் நடுவில் கேட்டேன்: "சொத்தப் பூவா பாத்து நூலு கட்டி ஏமாத்திட்டியேக்கா."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நீ பச்சையா அறுத்துக்கினு போனது தெரியும். உனக்கு இன்னா அவசரமோன்னு வாய மூடிக்கினு இருந்தேன். மீதி பூவெல்லாம் படகுக்குப் போட்டுட்டேன். ஆளுக்குப் பாதின்னு வெதைக்கு வுட்டது அந்த ஒண்ணுதான்."

அந்த நிறத்தை அடியோடு அழித்தவள் நான்தான். அன்று சாயந்திரம் போய் "மன்னிச்சிடுக்கா" என்றேன். "வுடு, பூவுதானே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் பொன்னேரியிலிருந்து நாற்று வாங்கி வந்து வைத்திருக்கிறாள். வெறும் மஞ்சள்தான். விதைக்கு விட்ட பூக்கள் இப்போது காய்ந்துகொண்டிருக்கின்றன. பெட்டிகளின் மேல் பழைய வலையைப் போர்த்தி, சுற்றிலும் செங்கல் வைத்திருக்கிறாள்.

"வலை எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"குருவி கொத்துது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நானும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு குருவியும் வரவில்லை.