சரஸ்வதிக்குத் தெரியாமல் மூடிய புத்தகங்கள்

ஒரு கதைப் புத்தகத்தில் வரும் படகோட்டிமீது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியே கோபப்பட்டது. அவர்கள்மீது எனக்கு வந்த கோபம் அதைவிடப் பெரிது. இன்றைக்கும் அது ஆறவில்லை. ஆறவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

படகோட்டி யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான மாயக்கதைத் தொடர் ஒன்றில் வருகிறவன். மேகங்களுக்கு மேலே படகு விடுவான், வழி தவறிய பிள்ளைகளை வீடு சேர்ப்பான். ஒவ்வொரு புத்தகமும் முடியும்போது தன் விளக்கைத் தூக்கிக் காட்டுவான். அக்கரையிலிருந்து இன்னொரு விளக்கு பதிலுக்கு எழும்பும். எங்கள் மாடிப் பிள்ளைகள் பல்கனிகளில் நின்று கைபேசி வெளிச்சத்தால் அதை விளையாடுவார்கள். அந்தத் தொடரை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவன் என் தம்பி. களுபோவில ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான டொக்டர். கலியாணம் செய்யவில்லை, என்னோடுதான் இருக்கிறான்.

மூன்று நாள் சரஸ்வதி பூசை தொடங்கிய அன்று கீழ் மண்டபத்தில் பிள்ளைகள் தங்கள் புத்தகங்களை அம்மனுக்கு முன்னால் அடுக்கினார்கள். மூன்றாம் மாடிக்காரியின் மூத்த மகள், பாடப் புத்தகங்களுக்கு மேலே படகோட்டியின் தொடர் முழுவதையும் வைத்தாள். அன்று பின்னேரம்தான் செய்தி வந்தது. அக்கரையில் விளக்குப் பிடிப்பவன் படகோட்டியின் காதலன் என்று எழுதியவரே ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார்.

எங்கள் வட்ஸ்அப் குழு கொதித்தது. வெள்ளைக்காரரின் சதி என்றார் ஒருவர். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு தாய் அழுகிற முகங்களை வரிசையாக அனுப்பினார். ஐந்தாம் மாடியில் ஒரு மனிதர் இருக்கிறார், சாதகக் குறிப்பைத் தவிர வேறொன்றும் வாசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் நம் பண்பாடு பற்றி நீளமாகப் பேசி அனுப்பினார். இவர்கள் பதறியதுதான் மிச்சம். மூன்றாம் மாடிக்காரியின் மூத்தவளிடம் நான் கேட்டபோது அவள் ஐஸ்கிறீமிலிருந்து வாயை எடுக்காமலே சொன்னாள்.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும் அன்ரி. வேறை ஆர் அவ்வளவு காலம் லைட்டைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்?"

புத்தகங்களை அங்கிருந்து எடுக்கவேண்டும் என்றாள் அவளுடைய தாய். ஆனால் பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. கொட்டாஞ்சேனை ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். வைத்தது வைத்ததுதான் என்று அவர் சொல்லிவிட்டார். பாவத்துக்கும் பயம், படகோட்டிக்கும் பயம். கடைசியில் அந்தத் தொடரை மட்டும் ஒரு மஞ்சள் பட்டுத்துணியால் மூடினார்கள். சரஸ்வதி எடுத்து வாசித்துவிடுவாள் என்று நினைத்தார்களோ தெரியாது. இவர்களில் பாதிப்பேர் பட்டதாரிகள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் என் தம்பியும் அந்தப் படகோட்டியைப் போன்றவன்தான். அவன் என்னிடம் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. வேறு எவருக்கும் தெரியாது. இந்த நாட்டுச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், அவன் பார்ப்பது அரசாங்க வேலை.

மறுநாள் பின்னேரப் பூசை முடிந்து கடலை கொடுக்கும்போது, மூன்றாம் மாடிக்காரி அவனுக்கு முன்னாலேயே சொன்னாள்.

"இப்பிடியானதுகளைப் பிள்ளையளுக்குக் கிட்டவும் விடக்கூடாது டொக்டர். நல்லகாலம், எங்கட ஃபிளாட்சிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

அதே மூச்சில் அடுத்ததையும் சொன்னாள்.

"நாளைக்குச் சின்னவளுக்கு நீங்கள்தான் ஏடு தொடக்கவேணும். மறந்திடாதேங்கோ."

விஜயதசமியன்று முதன்முதலாக எழுதும் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதிவிடுவது எங்களுக்குப் பெரிய காரியம். டொக்டர் பிடித்தால் பிள்ளையும் டொக்டர் ஆகும் என்பது இவர்களுடைய கணக்கு. அதனால் ஒவ்வொரு வருடமும் அவனுக்கு முன்னால் வரிசை நிற்கும்.

லிப்டில் ஏறியதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு நீ போகக்கூடாது" என்றேன்.

"பிறகொரு நாள் தெரியவந்தால், அந்தப் பிள்ளையின்ர கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவினம் அக்கா. அதை நினைக்கத்தான் ஏலாமக் கிடக்கு."

"அதுதான் சொல்லுறன், போகாதை."

"போகாட்டி அந்தத் துணியை ஆர் எடுக்கிறது?"

காலையில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். மூன்றாம் மாடிக்காரி சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தாள். தட்டில் அரிசி பரப்பியிருந்தது. தம்பி பாயில் இருக்கவில்லை. நேரே அம்மனுக்கு முன்னால் போய்ப் பட்டுத்துணியை எடுத்தான். அதை ஒழுங்காக மடித்து வைத்தான்.

"ஏன் டொக்டர் அதை எடுத்தனீங்கள்?" என்றாள் மூன்றாம் மாடிக்காரி.

"அந்தப் படகோட்டியும் நானும் ஒண்டுதான். அவனை மூடிவைச்சால் நான் எப்பிடி இதிலை இருந்து எழுதிவிடுறது?"

குரலை உயர்த்தாமல் சொன்னான். விளங்காதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் காதுக்குள் சொன்னார்கள். பூசைக்கு வந்திருந்த கொட்டாஞ்சேனை ஐயர் மணியைத் துடைக்கத் தொடங்கினார். வரிசையில் நின்ற ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவருடைய முதுகைப் பார்த்தபோது என் உடம்பு பற்றி எரிந்தது.

மூன்றாம் மாடிக்காரி எழும்பவில்லை. தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை. அரிசித் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, நீங்கள் பிடிச்சு எழுதிவிடுங்கோவன். நல்ல நேரம் முடியப்போகுது."

நல்ல நேரம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்டபமே அதிரக் கத்தினேன்.

"என்ர கையும் உனக்கு வேண்டாம். இது அவனைத் தூக்கி வளர்த்த கை. உன்ர பிள்ளை டெங்குக் காய்ச்சலிலை கிடக்கேக்கை ஒருத்தருக்கும் நரம்பு பிடிபடேல்லை. வீட்டிலை படுத்திருந்தவனை எழுப்பிக் கூப்பிட்டனீ. அந்தக் கையைப் பிடிச்சு ஊசி ஏத்தினது ஆர்? அந்த அடையாளத்தை அழிச்சுப்போட்டு வேறை ஆளைத் தேடு."

சின்னவள் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி ஏற்றிய இடத்தில் ஒரு கறுத்த புள்ளி இன்னும் இருந்தது. அதை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினாள்.

"இது டொக்டர் மாமா போட்டது. நான் அழவே இல்லை."

தாய் அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் சேலைத் தலைப்பால் மூடினாள்.