நேரில் கொண்டு வரட்டும்

செல்வத்தின் ஜாமீன் மனு அழைக்கப்படுவதற்காக நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தபோதுதான் கோமதியின் தங்கை போன் செய்தார். விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலேயே கோமதியின் உயிர் போய்விட்டதாம். எதிர் பெஞ்சில் செல்வத்தின் அம்மா ராஜம்மாள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நானும் கோமதியும்தான் செல்வத்துக்கு வக்கீல்கள். நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசைகளை இடித்த அன்று மைக் பிடித்துப் பேசியதற்காக அவன் மீது தேசவிரோத வழக்குப் போட்டார்கள். அவனுக்காக வாதாடுகிறோம் என்று சக வக்கீல்களே எங்களைத் திட்டினார்கள். நான் சண்டைக்குப் போவேன். கோமதி என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, "இவங்களோட கத்தித் தொண்டையக் கெடுத்துக்காத சேது, உள்ள ஜட்ஜ் முன்னாடி வேணும்" என்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிறையிலிருந்தே வீடியோவில் செல்வத்தை ஆஜர்படுத்தினால் விசாரணை சீக்கிரம் நடக்கும் என்பது என் கட்சி. கோமதியோ ஒவ்வொரு தடவையும் அவனை நேரில் கொண்டுவர மனுப் போடுவார். போலீஸ் வேன் வராது, வழக்கு தள்ளிப்போகும். ஒருநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் நிதானமாக டீயை ஊதிக் குடித்தார்.

"அச்சா, உனக்கு எல்லாம் ஜல்தி முடியணும். ஜெயில்ல பாக்கப் போனா நடுவுல கண்ணாடி. இங்க வந்தாத்தான் அந்தம்மா புள்ளையத் தொட முடியுது. ஜாமீன் நம்ம கையில இல்ல. இது இருக்கு."

அந்த வாதத்தில் நான் முழுவதும் தோற்றுவிட்டதாக இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செல்வம் வரும் நாட்களில் கோமதி காவலுக்கு வந்த ஹரியானாக்காரப் போலீஸ்காரரிடம் போய் நின்றுகொள்வார். அவருடைய ஊர், கோதுமை, மகளின் கல்யாணம் என்று பேச்சு நீளும். அந்த நேரத்தில் ராஜம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

கோமதி இறந்த அன்று வழக்கு அழைக்கப்பட்டதும் செய்தியைச் சொன்னேன்; நீதிபதி வருத்தம் தெரிவித்தார். வேன் வரத் தாமதமாகும், வீடியோவிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதானே.

"வேண்டாம், நேரில் கொண்டு வரட்டும்" என்றேன்.

மதியத்துக்கு மேல் செல்வம் வந்தான். அதற்குள் ராஜம்மாளிடம் சொல்லியிருந்தேன். "மேடம் போயிட்டாங்கடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் போலீஸ்காரரிடம் போனேன். மகள் கல்யாணம் எப்போது என்று கேட்டேன்.

"அது முடிஞ்சு போச்சே, மேடம் வந்திருந்தாங்களே" என்றார் இந்தியில். "இன்னிக்கு எங்க அவங்க?"

சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜாமீன் கிடைக்கவில்லை, வழக்கு மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. அடுத்த தேதிக்கும் செல்வத்தை நேரில் கொண்டுவரச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டேன். இன்னும் தாமதமாகும். ஆகட்டும். கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம்தான்.