தாழக் கட்டிய மூங்கில்கள்

பக்கத்துத் தோட்டத்தில் மூன்று மணிக்கு அடிக்கும் மணியோசை அடங்கும்போது அந்த நாற்றம் வந்தது. ரப்பர் புகையில் காய்கிற வாசனை எனக்குப் பழகியதுதான்; புடவையிலும் தலையணையிலும் எப்போதும் இருக்கும். இது கருகும் நாற்றம். நான் வீட்டுக்குப் பின்னால் உருளையில் அன்றைய ரப்பரைத் தகடாக இழுத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்ததை முழுதும் இழுத்து, அலசி, கொடியில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

புகைக்கொட்டகையின் கூரை எரிந்துகொண்டிருந்தது. அன்று பகலில் அங்கே நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியது என் மகன்.

மலாயாவில் சிகாமட்டுக்குப் போகும் சாலையோரம் நான்கு குடும்பங்களுக்குத் துண்டு துண்டாக ரப்பர் நிலம் இருந்தது. எங்களுடையது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர் வாங்கியது. அவர் காலமான பிறகு நானும் மகனும்தான் பால் வெட்டினோம். மிஷன் பள்ளியில் படித்து, கல்யாணத்துக்கு முன் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். கத்தி பிடிக்க என் மகன்தான் கற்றுக்கொடுத்தான்.

எங்கள் ரப்பரை வாங்க ஒரே ஒரு தவுக்கே, சீனக் கடை முதலாளி, இருந்தார். தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உள்ளே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், சில நாள் தெரியாவிட்டாலும், "பாசா" என்பார். மலாயில் ஈரம். அதற்கென்று எடையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்.

"நம்மகிட்ட வாங்குறப்ப நனைஞ்சிருக்கு, அவன் விக்கிறப்ப காஞ்சிடுது. பெரிய அதிசயம்தான், டீச்சரம்மா" என்பார் அடுத்த நிலத்துப் பெரியவர்.

கடைசியில் நான்கு வீட்டாரும் கூடிப் பேசினோம். ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லாமல் காயும்வரை யாரும் விற்பதில்லை. கழிவு இல்லாமல் எடுத்துக்கொண்டால் கொடுப்பது, இல்லையென்றால் வைத்திருப்பது. எல்லோர் தகடும் ஒரே கொட்டகையில். எது யாருடையது என்று அவரவர் உருளையின் அச்சு காட்டிவிடும்.

விற்காமல் வைத்திருந்ததால் கொட்டகை நிறைந்துபோனது. மேலே இடமில்லை. அதனால் கீழே இன்னொரு வரிசை மூங்கில் கட்டினோம். சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் காயும் என்று எல்லோருக்கும் சந்தோஷம். சூட்டில் ரப்பர் இளகி நீளும், அறுந்து விழும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாததல்ல. காயவேண்டும், காயவேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்தோம்.

அப்படித்தான் ஒரு தகடு நெருப்பில் விழுந்திருக்க வேண்டும்.

நான் கொட்டகைக்கு ஓடவில்லை, நடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். கதவண்டை யாரும் போகமுடியவில்லை. பெரியவர் என் மகன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து பதில் இல்லை. நான்கு வீட்டில் ஒன்றான ஜாவாக்காரர் வீட்டு அம்மா என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "சபார், காக், சபார்" என்றாள். பொறு அக்கா என்று அர்த்தம். நான் பொறுமையாகத்தான் இருந்தேன். கொடியில் துணி காய்வது நினைவுக்கு வந்தது. அவள் கையை விலக்கிவிட்டுப் போய், கரி படியுமே என்று ஒவ்வொன்றாக எடுத்து மடித்தேன். அவன் சட்டையும் அதில் இருந்தது. அதையும் மடித்தேன்.

கூரை விழுந்தது. ஆற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். சூடு தணிந்ததும் பெரியவர் நீண்ட கழியால் சாம்பலைக் கிளறினார். கழி முனையில் கறுப்பாகப் பசை ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி கிளறினார்.

"ஒண்ணும் தட்டுப்படல. உள்ள இல்லம்மா, இருந்தா தெரியும்" என்றார்.

"நல்லாப் பாருங்க" என்றேன். என் குரல் வகுப்பில் பேசுவதுபோல இருந்தது.

மறுபடியும் பார்த்தார். நான்கு வீட்டின் ரப்பரும் போய்விட்டது என்று அப்போது யாரும் பேசவில்லை. அவர் மனைவி மட்டும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதது என் மகனுக்காகவா, ரப்பருக்காகவா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மாட்டுவண்டி சாலையில் நின்றது. அதிலிருந்து என் மகன் இறங்கினான். கையில் சுருட்டிய ஒரு ரப்பர் தகடு. பச்சை விறகைப் போட்டு நெருப்பை அடக்கிவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ரப்பர் கடை போட்டவரிடம் அதைக் காட்டப் போயிருக்கிறான். திரும்பிவரும்வரை தாங்கும் என்று நினைத்திருக்கிறான்.

நான் அவன் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. கொட்டகை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே சொன்னான்.

"வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரும்மா. நல்லாக் காஞ்சிருக்காம். கழிவே வேணாம்னுட்டாரு. எல்லாத்தயும் கொண்டாரச் சொன்னாரு."