காத்து மாசத்து ஃபர்னஸ்

காத்துன்னு யாராச்சும் சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஆனி ஆடியில ஒரு எல அசையாது. எங்க மில்லுல தகரக் கூரைக்குக் கீழ நின்னா சட்டை முதுகோட ஒட்டிக்கும். ஆனா அங்க வேலை நடக்கறதே காத்தப் பாத்துதான். அந்தக் காத்து அடிக்கறது எங்கியோ கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் முன்னாடி, மலைக்கு நடுவுல. அங்க எங்க மொதலாளிக்குக் காற்றாலை இருக்கு.

பழைய இரும்ப உருக்கி, கம்பி இழுக்கறதுக்கு வேண்டிய கட்டியா ஊத்தற மில்லு எங்களுது. நான் அங்க பகல் ஷிஃப்ட் இன்சார்ஜ். இரும்ப உருக்கறதுன்னா கரண்ட்ட அப்படியே குடிக்கற வேலை. காற்றாலை வாங்கினா வரியில சலுகைன்னு கவர்மென்ட்டு சொல்லிச்சு. அங்க எடுக்கற கரண்ட்ட இங்க கம்பியில கொண்டாந்து தரோம்னும் சொல்லிச்சு. மொதலாளி வாங்கிட்டார். அவர் எடத்துல நான் இருந்தாலும் வாங்கியிருப்பேன், அதுல தப்பு சொல்ல மாட்டேன். வாங்கின அப்புறம்தான் பேஜாரு. அந்தக் கரண்ட்ட நாளைக்குன்னு எடுத்து வெக்க முடியாது. வரவர செலவு பண்ணணும். இல்லன்னா மிச்சத்த அடிமாட்டு வெலைக்குத் தள்ளிவிடணும்.

அதனால காத்து மாசத்துல எங்க ஃபர்னஸ் அணையாது. காத்து ஓஞ்சா பாதிப் பேர ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு வருஷத்து சம்பாத்தியமே அந்த நாலஞ்சு மாசந்தான். தெக்கால நல்லா காத்து எறங்கிடுச்சுன்னு சேதி வந்தா, அன்னைக்கு ஃபர்னசுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, கேட்டுல பூசணிக்கா ஒடைப்போம். எதிர்ல லேத்துப் பட்டறை வெச்சிருக்கறவர் நின்னு பாத்துக்கினு இருப்பார். "உங்க விண்ட்மில்லுக்குக் குடுக்கற சலுகையெல்லாம் எங்க தலையிலதான்பா விடியுது. திருஷ்டி எங்களுக்குல்ல கழிக்கணும்"னு நக்கலடிப்பார். நாங்க சிரிச்சிக்கினே உள்ள போயிடுவோம். அவருக்குச் சொந்தக் காத்தும் இல்ல, சலுகையும் இல்ல, மனுஷன் வேற எப்படிப் பேசுவார்?

ஃபர்னசுக்குள்ள வெள்ளக்கல்லுத் தூள இடிச்சு எறுக்கி ஒரு சுவரு கட்டுவாங்க. லைனிங்னு பேரு. உருகின இரும்புக்கும், வெளியில சுத்தியிருக்கற செம்புக் குழாய்க்கும் நடுவுல அது ஒண்ணுதான். குழாய்க்குள்ள தண்ணி ஓடிக்கினே இருக்கும். இரும்பு அந்தச் சுவர அரிச்சுக்கினு போய்த் தண்ணியத் தொட்டா வெடிச்சிடும். ஃபர்னஸ் வாயாண்ட மேடையில நிக்கறவன் கதி அவ்ளோதான். சுவரு மெலிஞ்சா ஒடைச்சுட்டுப் புதுசு கட்டணும், கட்டிக் காயறவரைக்கும் ஃபர்னஸ் சும்மா கெடக்கும். மத்த மாசத்துல இத ஒழுங்காத்தான் பண்ணுவோம். காத்து மாசத்துல மட்டும், "காத்து ஓயட்டும், மாத்திக்கலாம்"னு ஒரு பேச்சு. மொதலாளியும் சொல்லுவார், ஃபோர்மனும் சொல்லுவான், பீகார் பசங்ககூட அரைகொறத் தமிழ்ல சொல்லுவாங்க. லைனிங் என்ன காத்தப் பாத்தா தேயுது? இதக் கேக்க ஒருத்தனுக்கும் வாய் வரல. எனக்கும்தான்.

அந்த வருஷம் மேடையில நின்னு பழைய இரும்பத் தள்ளிக்கினு இருந்தது என் தங்கச்சி புருஷன். நான்தான் கூட்டினு வந்து காண்ட்ராக்ட்ல சேத்துவிட்டேன். அவனுக்கு ஊர்ல கொஞ்சம் நெலம் உண்டு, ஆனா அத நம்பி ஊடு நடக்காது. கொஞ்ச நாள் முன்னாடி மஞ்சக்காமாலையில படுத்து எழுந்தவன். அவன் பொழச்சதுக்குப் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டறதா தங்கச்சி வேண்டிக்கினு இருந்தா. ஆடி ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு அவன் கூட வரணும்னு அவளுக்கு ஆசை.

"லீவு கேளேன் மாப்ள, நான் பாத்துக்கறேன்"னேன்.

"காத்து சும்மா பிச்சிக்கினு போவுது மச்சான். இன்னைக்கு லீவுன்னா நாளைக்கு என் எடத்துல வேற ஆளு நிப்பான்."

தங்கச்சிய என் பொண்டாட்டிதான் கோயிலுக்குக் கூட்டினு போனா.

அன்னைக்கு மத்தியானம் பாதி இரும்பு உருகி, மேல இன்னும் முழுசா கெடக்குது. பேனல் ரூம்ல லீக்கேஜ் மீட்டரு முள்ளு ஏற ஆரம்பிச்சுது. சுவரு மெலிஞ்சா அது ஏறும். கொஞ்ச நாளாவே ஏறி எறங்கிக்கினுதான் இருந்துச்சு. அன்னைக்கு எறங்கல. முழுசா உருகியிருந்தா சாய்ச்சுக் கொட்டிடலாம். பாதியில கரண்ட்ட நிறுத்தினா மொத்தமும் உள்ளயே கல்லாட்டம் எறுகிடும். அப்புறம் ஃபர்னசையே ஒடைச்சுதான் எடுக்கணும். மொதலாளிக்கு போன் போட்டேன்.

"சார், முள்ளு நிக்க மாட்டேங்குது. நிறுத்திடட்டா?"

"உருக எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை மணி நேரமாச்சும் ஆவும் சார்."

"உள்ள இருக்கற இந்த ஒரு ஹீட்ட மட்டும் உருக்கி ஊத்திடுப்பா. சாயந்திரமே லைனிங்க ஒடைச்சிடலாம். இப்ப நின்னுச்சுன்னா இந்த சீசனே போச்சு"ன்னார். கெட்ட மனுஷன் இல்ல அவர். கெஞ்சற மாதிரிதான் கேட்டார்.

கண்ணாடி வழியா மேடையப் பாத்தேன். மாப்ள மூஞ்சியில துண்டக் கட்டிக்கினு, கம்பியால இரும்பக் குத்தி உள்ள எறக்கிக்கினு இருந்தான். முள்ளு இன்னும் ஒரு கோடு ஏறிச்சு. செவப்பு பட்டன அடிச்சுட்டேன்.

நாளெல்லாம் காதுல ஓடிக்கினு இருந்த உறுமல் பொசுக்குன்னு நின்னுபோச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "எறங்குங்கடா, எல்லாரும் எறங்குங்க"ன்னு கத்திக்கினே வெளிய ஓடினேன். பசங்க குதிச்சாங்க. மாப்ள மட்டும் கம்பியோட அங்கியே நின்னான்.

"இன்னா மச்சான் பண்ணிட்ட?"

"எறங்குடா மொதல்ல."

எறங்கி வந்தான். குழாய்த் தண்ணிய மட்டும் ஓடவிட்டு எல்லாரும் கேட்டாண்ட போய் நின்னோம். எந்த நிமிஷம் வெடிக்கும்னு நான் காதத் தீட்டிக்கினு நிக்கறேன். ஒண்ணும் ஆவல. ஒரு சத்தமும் வரல. நேரம் போகப் போக, எல்லாரும் ஃபர்னச விட்டுட்டு என் மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சாங்க.

மறுநாளே காண்ட்ராக்ட் ஆளுங்கள அனுப்பிட்டாங்க. தெக்க காத்து கொறையவே இல்ல, எங்களுக்குத்தான் அத வெச்சு உருக்க ஃபர்னஸ் இல்ல. மொதலாளி என்னைத் திட்டல. ஆனா எங்கிட்ட பேசறதையே நிறுத்திட்டார். மாப்ள அப்படி இல்ல, மூஞ்சிக்கு நேராவே கேட்டான். "உனக்கு மாசச் சம்பளம். பட்டன அடிச்சிட்டு ஊட்டுக்குப் போயிடுவ. நான் இன்னாத்த வெச்சு பொழைக்கறது?"

கேஸ் கட்டர் வெச்சு அறுத்து, இடிச்சு, உள்ள எறுகின இரும்ப வெளிய எடுத்தாங்க. நானும் கூடவே நின்னேன். ஒரு எடத்துல வெரல் தடிமனுக்கு இரும்பு சுவரத் தாண்டிப் போயிருந்துச்சு. செம்புக் குழாய் அங்க கருகியிருந்துச்சு. மாப்ளைக்கு போன் போட்டு, "வந்து பாருடா"ன்னேன்.

"வர முடியாது மச்சான், ஷிஃப்ட்ல இருக்கேன்"னான். சத்தியவேடு ரோட்டு மில்லு ஒண்ணுல சேந்துட்டானாம். அதே வேலை, அதே மேடை. அவங்களுக்கும் தெக்க காற்றாலை இருக்கு.

அன்னைக்கு சாயந்திரம் தங்கச்சி போன் பண்ணா. நான் பாத்தத அப்படியே சொன்னேன். அழுவான்னு நெனச்சேன், அழல.

அப்புறம், "அந்த மில்லுல முள்ளு ஏறினா கரண்ட்ட நிறுத்தறதுக்கு யாருண்ணா இருக்காங்க?"ன்னு கேட்டா.